திருப்பம் வந்த நொடியில் அரங்கு என்ன செய்கிறது? கிரைம் படம் பார்ப்பவர்களைக் கவனித்தவர்களின் குறிப்புகள்

தியேட்டர் ஆபரேட்டர்

திருப்பம் எடுபட்டுச்சான்னு பார்க்க கைதட்டலைக் கணக்குல எடுக்காதீங்க. கைதட்டல் ஹீரோவுக்கு விழும், வசனத்துக்கு விழும், பின்னணி இசை உச்சத்துக்குப் போனாலே விழும். நல்ல திருப்பத்துக்கு முதல்ல வர்றது அமைதி. ஒன்று, இரண்டு வினாடி எல்லாரும் அசையாம இருப்பாங்க. அடுத்து தலைகள் பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பும். அதுக்கப்புறம்தான் முணுமுணுப்பு. இந்த வரிசை மாறாம வந்தா திருப்பம் உள்ளே இறங்கியிருக்குன்னு அர்த்தம். அமைதியே இல்லாம நேரா பேச்சு கிளம்பினா, பாதிப் பேர் முன்னாடியே ஊகிச்சிட்டாங்க.

சிரிப்பு வந்தா எந்தச் சிரிப்புன்னு பிரிச்சுப் பார்க்கணும். பதற்றத்துல வர்ற சிரிப்பு அங்கங்கே சின்னதா கிளம்பி உடனே அடங்கிடும். நம்ப முடியாம வர்ற சிரிப்பு ஒரு மூலையில ஆரம்பிச்சு வரிசை வரிசையாப் பரவும். அதுக்கப்புறம் வர்ற சீரியஸான காட்சிக்கும் சிரிப்பாங்க. அந்தக் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்கவே முடியாது.

இன்னொன்று, இயக்குநர்கள் மறக்கிற விஷயம் இது. இடைவேளை முடிஞ்சு படம் ஓட ஆரம்பிச்ச முதல் நாலைந்து நிமிஷம் சீட்டு நிரம்பியிருக்காது. தட்டைத் தூக்கிட்டு இருட்டுல வரிசை தேடிட்டு இருப்பாங்க. முக்கியமான தடயத்தை அங்கே வச்சா, "இதைக் காட்டவே இல்லையே"ன்னு கடைசியில கோபப்படுறவங்க நிறைய. படத்துல அது இருக்கும், அவங்க உள்ளே இருந்திருக்க மாட்டாங்க. 1960-இல் இயக்குநர் ஹிட்ச்காக் தன்னோட 'சைக்கோ' படத்துக்கு, படம் தொடங்கின பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாதுன்னு கறாரா விதி வச்சது இந்தக் காரணத்துக்காகத்தான். தாமதமா வர்றவங்க கதாநாயகி எங்கேன்னு தேடிட்டே இருப்பாங்க, படம் அவங்களுக்குப் புரியாது.

எடிட்டிங் பக்கமிருந்து

மேலே சொன்ன முணுமுணுப்புக்கு எடிட்டில் இடம் விட வேண்டும். உண்மை வெளிப்படும் ஷாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு வினாடி, அதாவது 72 முதல் 96 ஃபிரேம் வரை, கதைக்குத் தேவையான ஒரு வார்த்தையும் வரக்கூடாது. வந்தால் அது அரங்கச் சத்தத்தில் மூழ்கிவிடும். எடிட் அறையில் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது இந்த இடைவெளி நீளமாகத் தெரியும், கை தானாக வெட்டப் போகும். வெட்டக்கூடாது. கேட்பவரின் முகம், பின்வாங்கும் கை, காலியான அறை என்று ஏதாவது ஒரு மௌனமான ஷாட் போதும்.

அடுத்தது "அப்போது நடந்தது இதுதான்" என்று வரும் மறுகாட்சித் தொகுப்பு. பார்வையாளரின் மனநிலை இங்கேதான் இரண்டில் ஒன்றாகத் தீர்மானமாகிறது. தொகுப்பில் வரும் ஷாட்டுகள் முதல் பாதியில் அவர் கண்ணால் பார்த்தவையாகவே இருக்க வேண்டும். அதே கோணம், அதே நடிப்பு, அதே ஒளி. புதிதாக ஒரு கோணத்தை எடுத்து, முன்பு காட்டாத ஒரு கையசைவை அதில் சேர்த்தால் "ஏமாத்திட்டாங்க" என்ற எண்ணம் வந்துவிடும். ஒவ்வொரு ஷாட்டும் அடையாளம் தெரியும் அளவுக்காவது, ஒரு வினாடியாவது, நிற்க வேண்டும். மொத்தத் தொகுப்பு அரை நிமிடத்தைத் தாண்டினால், புரிந்துகொண்டவர்கள் பொறுமை இழந்து போனை எடுப்பார்கள்.

பாத்திரம் பொய் சொன்னால் பார்வையாளர் மன்னிப்பார். கேமரா பொய் சொன்னால் மன்னிக்க மாட்டார். ஹிட்ச்காக்கின் 'ஸ்டேஜ் ஃபிரைட்' (1950) தொடக்கத்தில் வரும் பின்னோக்குக் காட்சி பொய்யானது. அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டு கழித்து வந்த நம் 'அந்த நாள்' (1954) இதே சிக்கலை நேர்மையாகக் கையாண்டது. ஒவ்வொரு பின்னோக்குக் காட்சியும் விசாரிக்கப்படும் ஒருவரின் வாக்குமூலமாக வருகிறது. இது இன்னாருடைய ஊகம் என்று தெரிந்தே பார்க்கிறோம், அதனால் ஏமாற்றிய கோபம் எழுவதில்லை. பாட்டே இல்லாத அந்தப் படத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே எடிட்டிங் படிப்பவர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வசனம் எழுதுபவர்

தமிழில் எழுதும்போது கொலையாளி ஆணா பெண்ணா என்பதை வினைமுற்றே காட்டிக் கொடுத்துவிடும். சாட்சி "வந்தான்" என்றால் பாதிப் பாத்திரங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிடும். அதற்குப் பயந்து எல்லோரையும் "அந்த நபர்" என்று பேச வைத்தால், வசனம் எதையோ மறைக்கிறது என்று ஐந்தாவது நிமிடத்திலேயே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். சாட்சி இயல்பாகவே மரியாதையாகப் பேசும் ஆளாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. "யாரோ வந்தாங்க", "பின்பக்கமா போனாங்க" என்பார், யாருக்கும் உறுத்தாது. அதே ஆள் வேறு இரண்டு மூன்று பேரைப் பற்றியும் அப்படியே பேசுவதை முன்பே ஒரு காட்சியில் காட்டிவிட வேண்டும்.

குற்றவாளியின் கடைசி நீண்ட பேச்சும் படத்தைக் கெடுக்கும். காரணம் முழுவதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் அதிர்ச்சி பாடமாகிவிடுகிறது. காரணத்தின் முக்கால் பங்கை முதல் பாதியில், வேறு யாருக்கோ நடந்ததாக வைத்துவிட்டால் கடைசியில் பெயரை மட்டும் இணைத்தால் போதும். அந்த ஒரு வரியில் அரங்கு தானாகவே மீதியைச் சேர்த்துக்கொள்ளும். தானே சேர்த்ததால் வரும் மகிழ்ச்சி வேறு எதிலும் வராது.

சப்டைட்டில் செய்பவர்

நடிகர் "கொன்னது..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, பெயரைச் சொல்வார். சப்டைட்டில் முழு வாக்கியத்தையும் ஒரே அடியாகக் காட்டினால், படிப்பவர்கள் அவருக்கு முன்பே திடுக்கிட்டுவிடுவார்கள். இடைநிறுத்தத்தில் வெட்டி இரண்டு தனி வரிகளாகப் போட வேண்டும். செவித்திறன் குறைந்தோருக்கான விவரணையில் இது இன்னும் முக்கியம். முகம் தெரியாத போன் குரலுக்குப் பாத்திரத்தின் பெயரைப் போட்டால் படமே போச்சு. "குரல்" என்று மட்டும் போடுங்கள், வெளிப்பட்ட பிறகு பெயருக்கு மாறுங்கள்.

ஒலிக்கலவை

சுருக்கமாக ஒன்று. திருப்பத்துக்கு முன் இசையைச் சட்டென்று நிறுத்தினால் "ஏதோ வரப்போகுது" என்று அறிவித்தது போல ஆகிறது. முந்தைய காட்சியிலிருந்தே இசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டு, மின்விசிறி, தெருச் சத்தம் மட்டும் ஓடட்டும். உண்மை தெரிந்த பிறகு அதையும் எடுங்கள்.

விமர்சனம் எழுதுபவர்

"எனக்கு அப்பவே தெரியும்" என்று வெளியே வந்து சொல்பவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. விடை தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்ததாக மனம் உண்மையாகவே நம்புகிறது. சரிபார்க்க ஒரே வழி, வெளியீட்டுக்கு முன் போடும் சோதனைக் காட்சியில் இடைவேளையின்போதே ஒரு துண்டுச் சீட்டில் சந்தேகிக்கும் பெயரை எழுதி வாங்குவது. பலர் ஒரே பெயரை எழுதியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் வருகிற பதில்கள் இவை: இவ்வளவு தெரிந்த நடிகருக்கு இவ்வளவு சின்ன வேடமா, தேவைக்கு மேல் உதவி செய்கிறார், பிணத்தைக் காட்டவே இல்லை. வீட்டில் பார்ப்பவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். கைது நடக்கும்போது கீழே நேரக்கோட்டில் இன்னும் நாற்பது நிமிடம் மீதி இருக்கிறது, எனவே கைதானவர் குற்றவாளி இல்லை. இதைத் தவிர்க்க, பொய்த் தீர்வைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு நகர்த்தியாக வேண்டும்.

தடயத்தை ஒளித்து வைக்கத் தேவையில்லை. உளவியலாளர்கள் சைமன்ஸ், சாப்ரிஸ் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வீடியோவில் பந்து கைமாறுவதை எண்ணச் சொன்னபோது, நடுவே கொரில்லா வேடமிட்டு நடந்து போனவரைச் சுமார் பாதிப் பேர் கவனிக்கவில்லை. பார்ப்பவருக்கு எண்ணுவதற்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு சண்டை, ஒரு காதல் சிக்கல், ஒரு நகைச்சுவை. தடயம் திரையின் நடுவிலேயே நிற்கலாம்.

முன்பே முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்ற சண்டைக்கு ஒரு தகவல். 2011-இல் உளவியலாளர்கள் லெவிட்டும் கிறிஸ்டன்ஃபெல்டும் 12 சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வில், முடிவைத் தெரிந்துகொண்டு படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பிறகு இதற்கு மாறான முடிவுகளும் வந்திருக்கின்றன. என் கணிப்பு: முதல் முறை பார்ப்பவரின் அதிர்ச்சியைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் 'புதிய பறவை' (1964) போன்ற படத்தை முடிவு தெரிந்தும் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை அவர்கள் கண் பேசுபவரிடம் இருக்காது, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில் இருக்கும்.

எடிட்டிங் பக்கமிருந்து (பதில்)

சீட்டு முறை சரி, அதோடு வெளியே வரும் வழியில் காது கொடுங்கள். "அப்போ அந்தக் காட்சியில அவ சிரிச்சது அதுக்குத்தானா" என்று பேச்சு பின்னால் போனால் தடயங்கள் வேலை செய்திருக்கின்றன. "அப்போ ஏன் போலீஸ் அதைப் பார்க்கலை" என்று கேள்வி வந்தால் ஓட்டை இருக்கிறது. ஒரே ஓட்டையை மூன்று குழுவாவது கேட்டால் அந்தக் காட்சியை மீண்டும் எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஒரு வரி டப்பிங்கில் சேர்த்தாலே அடைபடும், பேசுபவரின் முதுகு மட்டும் தெரிந்து வாயசைவு தெரியாத ஷாட் கையில் இருந்தால்.