ஜன்னலுக்கு மேலே இறங்காத டிரில்: வீட்டுக்கு பேட்டரி மெஷின் வாங்கிய அனுபவங்கள்

மேடவாக்கத்திலிருந்து

இரண்டு மாதத்துக்கு முன் சொந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். ஆறு ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி, பூஜை அலமாரி, குளியலறைக் கண்ணாடி, பால்கனி கூரையில் துணி காயப்போடும் கம்பி என்று ஓட்டை போட வேண்டிய வேலைகள் வரிசையாக இருந்தன. எலக்ட்ரீஷியன் ஓட்டைக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். வருவதும் அவருக்கு நேரம் கிடைக்கும்போதுதான். நாமே வாங்கிவிடலாம் என்று ஒரு 12 வோல்ட் பேட்டரி டிரில் செட் எடுத்தேன். சுற்றும்போதே அடிக்கும் ஹேமர் வசதி உண்டு, இரண்டு பேட்டரி, கூடவே பிட்டுகளும் ஸ்பேனர்களுமாக நூறு சாமான் அடங்கிய பெட்டி.

பூஜை அலமாரியில் ஆரம்பித்தேன். 6 மி.மீ. பிட் சுவரில் வைத்ததும் இறங்கியது. செங்கல் சிவப்பில் தூள் கொட்டியது. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ராவல் பிளக்கைக் கட்டைவிரலால் தள்ளி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, ஸ்க்ரூவை முறுக்கினேன். அரை மணி நேரத்தில் அலமாரி ஏறிவிட்டது. அம்மா அன்றே விளக்கு ஏற்றினார்.

மறுநாள் ஜன்னல். பூச்சு இருக்கும் ஒரு செ.மீ. வரை சுலபமாகப் போனது. அப்புறம் சத்தம் மாறியது. விபூதி மாதிரி மெல்லிய சாம்பல் தூள் கொஞ்சம் வந்தது, பிட் உள்ளே போகவே இல்லை. நாற்காலியில் நின்று தோள் வலிக்க அழுத்தினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை நீலம் பாரித்திருந்தது. பேட்டரி சூடாகி மெஷின் தானே நின்றுவிட்டது. இரண்டு ஜன்னலில் நான்கு அரைகுறைப் பள்ளம்தான் மிச்சம்.

கீழே வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்: “சார், இது லிண்டல். உள்ளே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். செங்கலுக்கு அடிக்கிற மெஷின் இதுக்கு ஆகாது.” ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே ஓடும் கான்கிரீட் பட்டிதான் லிண்டல். திரைச்சீலைக் கம்பியை நாம் எல்லோரும் மாட்டுவது சரியாக அந்த இடத்தில். வாங்குவதற்கு முன் எத்தனையோ வீடியோ பார்த்தேன், இதை ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது ஒரு 18 வோல்ட் செட் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து

வணக்கம் சார். 11 வருடமாக மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் மாட்டும் வேலை செய்கிறேன். தினமும் கையில் பேட்டரி மெஷின்தான். உங்கள் 12 வோல்ட்டைத் தள்ளிவிட வேண்டாம். வீட்டு வேலையில் முக்கால்வாசி அது செய்யும்.

முதலில் கான்கிரீட் விஷயம். சாதாரண ஹேமர் டிரில்லில் உள்ளே பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றன்மேல் ஒன்று உரசி ஓடும். அந்த அதிர்வுதான் அடி. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி விழும். செங்கலுக்கு அது போதும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் இருக்கிறது, காற்றை அழுத்தி அந்த வேகத்தில் பிட்டின் பின்புறம் அடிக்கும். நம் தோள் பலம் அதற்குத் தேவையில்லை. பிட்டும் வேறு, எஸ்டிஎஸ் என்று கேட்க வேண்டும். அடிப்பக்கம் காடி வெட்டியிருக்கும், சாதாரண டிரில்லில் பிட்டைக் கவ்வும் சக்கில் பிடிக்காது. 18 வோல்ட் ஹேமர் டிரில் வாங்கினாலும் லிண்டலில் ஒன்றிரண்டு ஓட்டை போடலாம், ஆறு ஜன்னலுக்கு 12 ஓட்டை என்றால் உங்களையும் படுத்தும், மெஷினையும் படுத்தும்.

ஆகவே என் யோசனை: கான்கிரீட்டுக்கு ஒயர் உள்ள ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். பிட்டை மட்டும் புதிதாக நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை மெஷினோடு தருவது தேய்ந்திருக்கும். ஓட்டை போடும்போது திடீரென்று கிறீச்சென்று இரும்புச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி. அங்கே நிறுத்திவிட்டு ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். கம்பியை அறுக்கவே கூடாது.

இனி செட் விஷயம். கடையில் டிரில், ஸ்க்ரூவை அடித்து முறுக்கும் இம்பாக்ட் டிரைவர், வெட்டவும் தேய்க்கவும் கிரைண்டர், பலகை அறுக்கும் ஜிக்சா எல்லாம் ஒரே பையில் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் உண்மையில் வாங்குவது பேட்டரியை. இன்று எந்த பேட்டரி வாங்குகிறீர்களோ, நாளைக்கு வாங்கும் மெஷின் எல்லாம் அதற்குப் பொருந்த வேண்டும். ஒரே கம்பெனி என்றாலும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். பாஷில் நீல நிற 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மெஷினில் ஏறாது. மக்கிட்டாவில் எல்எக்ஸ்டி 18 வோல்ட் ஒரு குடும்பம், எக்ஸ்ஜிடி 40 வோல்ட் இன்னொரு குடும்பம். பேட்டரியும் சார்ஜரும் ஒரு தரம் வாங்கிவிட்டால், அடுத்தடுத்த மெஷினை பேட்டரி இல்லாத வெறும் பாடியாக வாங்கலாம். விலை நன்றாகக் குறையும். உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பாடி தனியாகக் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் வேண்டாம்.

18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று இரண்டு பெயர் பார்த்துக் குழம்புவார்கள். இரண்டிலும் உள்ளே ஐந்து லித்தியம் செல்தான் வரிசையாக இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழு சார்ஜில் ஏற்றிச் சொன்னால் 20. 12 வோல்ட் என்பதும் மூன்று செல், 10.8 தான்.

கிரைண்டரை மட்டும் பேட்டரியில் வாங்க அவசரப்படாதீர்கள். 18 வோல்ட், 4 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்கி 72 வாட் அவர். கிரைண்டர் வெட்டும்போது 500 வாட் இழுத்தால் ஒன்பது நிமிடம்கூட வராது. வீட்டில் பிளக் பாயின்ட் இருக்கும்போது அதற்கு ஒயர் மெஷின்தான் சரி.

நாகர்கோவிலிலிருந்து

சேலத்து அண்ணன் சொன்ன ஐந்து செல் கணக்கு என் வீட்டில் நடந்தது. நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் யாரையாவது எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆன்லைனில் ஒரு டிரில் வாங்கினேன். பேட்டரியில் பெரிய எழுத்தில் 48 வோல்ட் என்று போட்டிருந்தது. விலை மற்றதில் பாதி. நான்கு மாதத்தில் சார்ஜ் நிற்கவில்லை.

தம்பி மொபைல் சர்வீஸ் செய்கிறவன். பிரித்துப் பார்த்தான். உள்ளே ஐந்தே செல், மீட்டரில் வைத்தால் முழு சார்ஜில் 20 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. செல்களின் மேல் பெயர் இல்லை. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட நிறைய இறங்கியிருந்தது, ஐந்தையும் சமமாக வைத்திருக்கும் சர்க்யூட்டே அதில் இல்லை என்றான். வோல்ட்டைக் கூட்டி எழுதினால் வாங்குவார்கள் என்று ஒட்டிய ஸ்டிக்கர். இதை வீட்டில் படுக்கையறையில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது இப்போதும் பதறுகிறது.

அதற்கு அப்புறம் கடைக்கே நேரில் போனேன். பெண்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், பேட்டரி மாட்டிய மெஷினைக் கையில் வாங்கி, தலைக்கு மேலே ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். 18 வோல்ட் ஒன்றரை கிலோவுக்கு மேல் இருந்தது, பிடியைச் சுற்றி என் விரல் எட்டவில்லை. 12 வோல்ட் ஒரு கிலோதான். ஏணியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்போது அந்த அரை கிலோ பெரிய விஷயம். இரண்டு வருடமாக அதே 12 வோல்ட்தான். கதவுக் கீல் முறுக்குவது, கொசு வலை அடிப்பது, கட்டில் பிரித்துப் போடுவது எல்லாம் நானே செய்கிறேன்.

திருச்சியிலிருந்து

சின்னதாக ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் எனக்காக ஒரு நல்ல செட் வாங்கி வந்தான். சார்ஜரை பிளக்கில் சொருகிய சில நொடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகிய வாடை. பின்புறம் 120 வோல்ட் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. அங்கே விற்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் நம் 230 வோல்ட்டைத் தாங்காது. அதே வகை பேட்டரிக்கு இங்கே சார்ஜர் தேடி வாங்க மூன்று வாரம் ஆனது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால் பாடி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், பேட்டரியையும் சார்ஜரையும் இங்கே வாங்குங்கள். பேட்டரியும் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் அதைக் கழற்றி, முனைகளை மூடி, கையில் எடுத்துவரும் பையில் வைக்க வேண்டும். தனி பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

கோவையிலிருந்து

எங்கள் அப்பார்ட்மென்ட் சுவர் ஏஏசி பிளாக், அந்த எடை குறைந்த சாம்பல் நிறக் கல். இதில் பிரச்சினை தலைகீழ். ஹேமரைப் போட்டு ஓட்டை போட்டேன். 8 மி.மீ. பிட்டுக்கு 12 மி.மீ. அகலத்தில் பொடிந்து ஓட்டை பெரிதாகிவிட்டது. பிளக் ஆடியது, தட்டு வைத்த ரேக் ஒரு வாரத்தில் சாய்ந்தது. இந்தச் சுவருக்கு ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் போட வேண்டும், பிளக்கும் அதற்கென்றே நீளமாக வருவதை வாங்க வேண்டும். குளியலறை டைல்ஸுக்கும் அப்படியே. டைல்ஸ் தாண்டும்வரை ஹேமர் கூடவே கூடாது, மாஸ்கிங் டேப் ஒட்டி மெதுவாக ஆரம்பித்தால் பிட் வழுக்காது.

அதனால் எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன் உங்கள் சுவர் என்ன என்று பில்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும் சேலத்திலிருந்து

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. டிரில்லின் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான் கிளட்ச். வீட்டில் வாங்கிய பலர் அதைத் தொடுவதே இல்லை. பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோப்பில் கீல் ஸ்க்ரூவை முழு வேகத்தில் இறக்கினால் கடைசிச் சுற்றில் மரத்தூள் பிய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். அப்புறம் அந்த ஓட்டை போச்சு. கிளட்சை 4, 5 இல் வைத்து ஆரம்பியுங்கள். ஸ்க்ரூ பாதியில் நின்று ‘கடகட’ என்றால் ஓர் எண் கூட்டுங்கள். தலை மட்டத்துக்கு வந்து தானே நிற்கும் எண் எது என்று இரண்டு ஸ்க்ரூவில் கைக்குத் தெரிந்துவிடும். இம்பாக்ட் டிரைவரில் பெரும்பாலும் இந்த வளையம் இருக்காது. நீளமான ஸ்க்ரூ நூற்றுக்கணக்கில் அடிக்கிற எங்களுக்கு அது வேண்டும், வீட்டுக்கு இரண்டாவதாக வாங்கினால் போதும்.

பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். அதில் தேய்வதற்குக் கார்பன் பிரஷ் இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். தினமும் ஓட்டுகிற எனக்கு அது அவசியம். மாதம் ஒரு நாள் எடுக்கிறவர் அந்தப் பணத்தை இரண்டாவது பேட்டரியில் போடலாம்.

ராமநாதபுரத்திலிருந்து

சவுதியில் 19 வருடம் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். பேட்டரியைக் கொல்வது வேலை இல்லை, வெயில். அங்கே வேனுக்குள் விட்டுவிட்டுப் போன பேட்டரிகள் ஒரே கோடையில் போய்விடும். இங்கேயும் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் போட்டு வைக்கிறார்கள், சித்திரை வெயிலில் அந்த இடம் அடுப்பு மாதிரி. பேட்டரியை மட்டும் கழற்றி பீரோவுக்குள், பாதி சார்ஜில் வையுங்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சுத்தமாகக் காலியாகிய பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டால், அப்புறம் சார்ஜர் அதை ஏற்காமலும் போகலாம்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள் தம்பிகளே. தலைக்கு மேலே ஓட்டை போடும்போது கட்டாயம். சுற்றும் பிட்டுக்குப் பக்கத்தில் துணி கையுறை வேண்டாம், சுற்றிக்கொள்ளும்.

மேடவாக்கத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை காலை 300 ரூபாய் வாடகைக்கு ரோட்டரி ஹேமர், புதிதாக 6 மி.மீ. எஸ்டிஎஸ் பிட் ஒன்று. நான் அரை நாள் அழுத்தியும் அசையாத அதே பள்ளத்தில் வைத்து விசையைத் தொட்டேன். பத்து நொடி ஆகியிருக்காது, ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. ஒரே இடத்தில் கம்பி தட்டியது, தள்ளிப் போட்டேன். ஆறு ஜன்னலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்தது. ஸ்க்ரூ முறுக்க என் 12 வோல்ட்டே போதுமாக இருந்தது, கிளட்ச் 6 இல்.

18 வோல்ட் செட் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் இதே 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும் சின்ன ஜிக்சா ஒன்றை வெறும் பாடியாக எடுக்கலாம் என்று இருக்கிறேன், மகளுக்கு ஒரு படிப்பு மேசை செய்ய. சேலத்து நண்பரே, 18 மி.மீ. பிளைவுட்டை அது நேராக வெட்டுமா, இல்லை கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடுவது நல்லதா?

மீண்டும் சேலத்திலிருந்து

நேர் வெட்டெல்லாம் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள் சார், பெரிய மெஷினில் ஒரே இழுப்பில் விளிம்பு சுத்தமாக வரும். மூலையை வளைவாக்குவது, ஒயர் போக ஓட்டை எடுப்பது, இதற்கு மட்டும் ஜிக்சா. பிளேடு நுண்பல்லாகக் கேளுங்கள். பாப்பாவின் உயரத்தை அளந்து அனுப்புங்கள், மேசை எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.