அறிகுறியே இல்லாதபோது சிறுநீரக நோய் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி

என் அம்மாவுக்கு வயது 62. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளன. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) 1.4, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு) 42 என்று வந்தது. நாள்பட்ட சிறுநீரக நோயாக இருக்கலாம் என்று கூறிய மருத்துவர், 3 மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, "சிறுநீர் நன்றாகத்தானே போகிறது, எனக்கு என்ன நோய்?" என்கிறார். சோர்வு, இரவில் அடிக்கடி எழுந்து போவது, எப்போதாவது தோல் அரிப்பு ஆகியவை தவிர வேறு தொந்தரவு இல்லை. இவை சிறுநீரகத்தால் வருபவையா?

பதில் 1

சிறுநீர் தாராளமாகப் போவதை வைத்துச் சிறுநீரகம் நலமாக இருப்பதாக முடிவு செய்ய இயலாது. வடிகட்டும் திறன் பாதிக்கு மேல் குறைந்த பிறகும் சிறுநீரின் அளவு குறையாமல் இருக்கலாம்; சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் போய்விடுவதால் இரவில் கூடுதலாகவே போகவும் செய்யும். சர்க்கரை கட்டுக்கடங்காதபோதும் இதேதான் நடக்கும் என்பதால், இரவில் எழுவதை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சோர்வுக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்தால் ரத்தசோகை வரும். அரிப்பு, குமட்டல், வாயில் உலோகச் சுவை, பசியின்மை ஆகியவை பெரும்பாலும் நோய் நன்கு முற்றிய பிறகு வருபவை. 42 என்ற அளவில் எப்போதாவது வரும் அரிப்புக்கு, வறண்ட தோல் போன்ற வேறு காரணத்தை முதலில் தேடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். காத்திருக்கச் சொன்னதன் காரணம் அதுவே. அதற்குள் சிறுநீரில் அல்புமின் (ஒரு வகைப் புரதம்)-கிரியாட்டினின் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். அது கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் புரதம் கசிகிறது என்று பொருள். சிறுநீரில் நுரை எழுந்து நெடுநேரம் அடங்காமல் நிற்பதும் அதற்கான குறிப்பாக இருக்கலாம்.

பதில் 2

என் தந்தைக்கு இதே நோய் உள்ளது. வீட்டில் நாங்கள் கவனிப்பதைச் சொல்கிறேன். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால், நீர் கோத்திருக்கும்போது அந்த இடம் குழிந்தபடியே நிற்கும். காலையில் எழுந்ததும் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றனவா என்பதையும் பார்ப்போம். எடையைத் தினமும் ஒரே நேரத்தில் எடுத்துக் குறித்து வைக்கிறோம். ஓரிரு நாளில் திடீரென்று ஏறுவது பெரும்பாலும் நீர்தான்.

அம்மா மூட்டுவலிக்குத் தாமாகவே மாத்திரை வாங்கிப் போடுபவரா என்று கேளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், கிரியாட்டினின் அளவை முதலில் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வலி மாத்திரை போடுகிறார் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதைப் பயன்படுத்தலாமா? தண்ணீர் நிறையக் குடித்தால் கிரியாட்டினின் இறங்கும் என்கிறார்களே?

பதில் 3

அந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும்; சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே தரப்படும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை உயர்த்தக்கூடும். அளவு மிஞ்சினால், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமலேயே இதயத் துடிப்பு தடுமாறலாம். சாதாரண உப்பையே நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது. பொட்டாசியம் உயரும் என்பதற்காக, ஏற்கெனவே எழுதித் தந்த ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

உடலில் நீர் வற்றியிருந்தால் மட்டுமே தண்ணீரால் கிரியாட்டினின் இறங்கும். பழுதடைந்த வடிகட்டிகளைத் தண்ணீர் சரிசெய்யாது. வீக்கம் உள்ளவர் அதிகமாகக் குடித்தால் மூச்சுத்திணறல்கூட வரலாம். படுத்தால் மூச்சு வாங்குவது, சிறுநீர் திடீரெனக் குறைவது, மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.