சைக்யாட்ரிஸ்ட்டை நேர்ல பார்த்ததே இல்ல, ஆனா அவங்க ட்ரீட்மென்ட்ல தான் தேறினேன். உங்க அனுபவமும் சொல்லுங்க

மனநல டாக்டரைப் பார்க்கணும்னா எனக்கு ஒரு நாள் முழுக்க பயணம், அதனாலயே ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். தூக்கம் இல்ல, உடம்பு வலின்னு தான் பக்கத்து ஹெல்த் சென்டருக்குப் போனேன், மனசுன்னு வாயே திறக்கல. அங்க டாக்டர் ரத்த டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னதும் பிஎச்க்யூ-9னு டிப்ரெஷனை அளக்கிற ஒரு ஃபார்ம் கொடுத்தார், கடைசி ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சுன்னு 9 கேள்வி. மார்க் ஏற ஏற டிப்ரெஷன் அதிகம்னு அர்த்தம். 27-க்கு 19 வந்துச்சு, ஸ்கூல்ல கூட நான் இவ்ளோ வாங்கினதில்ல 😅

மாத்திரை எழுதினது அவர், ஆனா என்னை விடாம புடிச்சு வச்சது நர்ஸ் சிஸ்டர். முதல் வாரம் வயித்தைப் புரட்டுச்சு, மனசு அப்படியே கிடந்துச்சு, நிறுத்திடலாம்னு இருந்தப்போ அவங்க போன், பக்கவிளைவு முதல்ல வரும் பலன் வர சில வாரம் ஆகும் விட்டுடாதீங்கன்னு. எட்டு வாரம் கழிச்சும் 16-ல நின்னுச்சு. சிஸ்டர் வாராவாரம் தன் லிஸ்டை வச்சு தூரத்து சைக்யாட்ரிஸ்ட்கிட்ட பேசுவாங்க, யாரு இறங்கல யாரு நின்னுட்டாங்கன்னு. சைக்யாட்ரிஸ்ட் சொல்லி டாக்டர் டோஸ் ஏத்தினார், அப்புறம் மார்க் 8-க்கு இறங்குச்சு.

---

எனக்கு சிக்கல் வேற மாதிரி. போன் பண்ற அக்கா என் சொந்தக்காரங்க, சின்ன இடத்துல வேற யாரு இருப்பா? ஆனா முதல் நாளே சொல்லிட்டாங்க, வெளிய பார்த்தா நீயா பேச்செடுக்காம நான் எடுக்க மாட்டேன், சங்கடமா இருந்தா வேற ஆள்கிட்ட மாத்தி விடுறேன்னு. நான் மாத்தல. காய்ச்சல்காரங்க நிக்கிற அதே வரிசைல தான் நானும் நின்னேன், எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது, அதுவே பெரிய நிம்மதி.

---

நான் அந்த சிஸ்டர் மாதிரி போன் பண்ணி லிஸ்ட் வச்சுக்கிற ஆள். லிஸ்ட் வச்சு தூரத்து சைக்யாட்ரிஸ்ட்கிட்ட கேட்டு நடத்துற இந்த முறைய அமெரிக்காவுல 60-ம் அதுக்கு மேலயும் வயசான 1801 பேர்கிட்ட பரிசோதிச்சு 2002-ல முடிவை வெளியிட்டாங்க, ஒரு வருஷத்துல அறிகுறி பாதியாவது குறைஞ்சவங்க 45%, வழக்கமான சிகிச்சைல 19% தான். ஆனா லிஸ்டைப் பார்க்க ஆள் இல்லன்னா எல்லாம் வேஸ்ட். நடுவுல எங்களுக்கு சைக்யாட்ரிஸ்ட் மாறி ரெண்டு மாசம் யாருமே இல்ல, அப்போ விட்டுப்போனவங்கள்ல சிலர் திரும்பவே இல்ல.

ஒருத்தர் டிப்ரெஷன்னு வந்தார். சைக்யாட்ரிஸ்ட் போன்லயே, முன்னாடி தூங்காம ஓவர் உற்சாகமா சுத்தின நாள் உண்டான்னு கேளுங்கன்னாங்க. இருந்துச்சு, பைபோலார், அதாவது மனநிலை ரொம்ப ஏறியும் ரொம்ப இறங்கியும் மாறுற நோய். நாங்க பாட்டுக்கு டிப்ரெஷன் மாத்திரை மட்டும் கொடுத்திருந்தா அந்த ஓவர் உற்சாக நிலை, மேனியா, கிளம்பியிருக்கலாம். அப்புறம் அந்த 9-வது கேள்வி, செத்துடலாம்னு தோணுதான்னு. கேட்டா எண்ணத்தை விதைச்சிடுவோமோன்னு முதல்ல பயந்தேன், இப்போ நேராவே கேட்டுடுவேன். நிறைய பேர் யாராவது கேட்கமாட்டாங்களான்னு தான் இருந்திருக்காங்க.

---

வீட்டுக்கே ஒரு போன் தான்னா என்ன பண்றீங்க?

---

வேற யாராவது எடுத்தா 'பிபி செக்கப்புக்கு வரச் சொல்லுங்க'ன்னு மட்டும் சொல்லி வச்சிடுவோம். முதல் நாளே பேஷன்ட்கூட பேசி வச்சுக்கிட்டது தான்.