கொரங்காட்டில் நான் எழுதிய சுழியம்

காங்கேயம்:
எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்று கணிக்கும் பரவல் மாதிரிக்காக, கொரங்காடு எனப்படும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில் தரவு எடுத்தபோது நடந்தது இன்னும் என் மனத்தை அரிக்கிறது. வரைபடத்தில் பிரித்த ஒரே கட்டத்தில் மூன்று காலைகள் நடந்தும், இரவில் இரைதேடும் பக்கிப் பறவையைக் காணாததால், படிவத்தில் சுழியம் இட்டுக் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கிளுவை வேலியோரம் அடியெடுத்து வைத்தேன். செருப்பிலிருந்து ஒரு சாண் தொலைவில், சருகு என்று நான் எண்ணியிருந்தது சிறகடித்து எழுந்து, வெள்வேல மரத்தடியில் மறுபடியும் மண்ணோடு மண்ணாக அமர்ந்துகொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "பொழுது உழுந்தப்பறம் வந்திருந்தீங்கன்னா அதுவே கூப்புட்டிருக்குமுங்க" என்றார். அந்தச் சுழியத்தை அடித்துக் கட்டத்துக்கே 1 என்று எழுதிவிட்டேன். ஆனால் அதே முறையில் நடந்து மற்றக் கட்டங்களுக்கு இட்ட சுழியங்கள் "இல்லை" என்றே மாதிரிக்குள் சென்றுவிட்டன.

வால்பாறை:
அக்கா, இதற்கு அஞ்சித்தான் நான் "இல்லை" என்னும் இன்மைத் தரவையே ஒதுக்கி, கண்ட இடங்களை மட்டும் வைத்து மேக்ஸென்ட் என்னும் மென்பொருளில் மலையணிலுக்கு வரைபடம் செய்தேன். அணில் வாழக்கூடும் என்று அது சிவப்பாகக் காட்டிய இடமெல்லாம் பொள்ளாச்சியிலிருந்து மேலேறும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஒட்டியே இருந்தது. அணில் வாழும் காட்டை அன்று, நாங்கள் வண்டியை நிறுத்திய இடங்களையே அது கற்றுக்கொண்டிருந்தது. காணாத இடத்தையும் எழுதி வைத்தால்தான் எங்கெங்கே தேடினோம் என்பது தெரியும்.

ஆனைகட்டி:
தம்பி, பழி மேக்ஸென்டுடையது அன்று. பதிவுகள் சாலையோரத்தவை என்றால், ஒப்பிடுவதற்கான பின்னணிப் புள்ளிகளையும் அதே சாலையோரத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும்; அவற்றை மலை முழுவதும் தூவினால் சாலையே வாழிடமாகத் தோன்றும். நானும் ஆறுமணிக்குருவியை நண்பகலில் தேடி "இல்லை" என்று எழுதியவன். அன்று அந்தியில் அதே பள்ளத்திலிருந்து அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்டது.

காங்கேயத்து அம்மணி கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். அடித்த சுழியத்தை நடைவாரியாகத் திரும்ப எழுதுங்கள்; பறவை எழுந்தது மூன்றாம் நடையில் என்பதால், அந்தக் கட்டத்தின் பதிவு 0, 0, 1 என்றே இருக்க வேண்டும். ஒரு நடையில் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்று கொண்டால், பறவை இருந்தும் மூன்று நடையிலும் தவறவிடும் வாய்ப்பு, 0.7-ஐ மூன்று முறை பெருக்கிய 0.34, எட்டு நடை என்றால் ஏறத்தாழ 0.06. மெக்கென்சியும் உடனாய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட முறை, இருத்தலையும் கண்ணில் படுதலையும் இவ்வாறு தனித்தனியே கணிக்கிறது. ஒவ்வொரு நடையின் முடிவும் நேரமும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால், மற்றக் கட்டங்களின் சுழியங்களும் அதற்குப் பயன்படும். அடுத்த முறை, ஒரே பருவத்துக்குள், அந்தி நடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை நடைகளை எத்தனை கூட்டினாலும் தரையில் அசையாமல் படுத்திருக்கும் பக்கியின் குரல் அவற்றில் பதிவாகாது.