தாத்தா நோட்டும் ஐந்து ஸ்பேஸும்

கவிதா: செந்தில் அண்ணா, இருக்கிறாயா? தாத்தா நோட்டை விம் என்கிற டெக்ஸ்ட் எடிட்டரில் அடித்துக்கொண்டிருக்கிறேன். பத்தியின் வரிகளை மடிக்கும் ஜிக்யூ கட்டளை கொடுத்தால், சில பத்திகளில் மட்டும் இரண்டாவது வரியில் இருந்து எல்லாம் உள்ளே தள்ளிப் போகிறது.

பெரியப்பா: டேப் விழுந்திருக்கும் பாப்பா. பிரஸ்ஸில் எங்களுக்கும் இதே தொல்லைதான்.

கவிதா: இல்லை பெரியப்பா. டேப்பைக் காட்டும் செட் லிஸ்ட் போட்டுப் பார்த்தேன், எல்லாம் வெறும் ஸ்பேஸ்.

சுமதி அத்தை: பேசாமல் வேர்டில் அடியேன்டி 🙄

செந்தில்: அத்தை, கொஞ்சம் பொறுங்கள் 😄 கவி, கோணிய பத்தி ஒன்று, ஒழுங்கானது ஒன்று அனுப்பு.

கவிதா:
1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி
     அழிந்த பிறகு பாம்பனில்
     வீடு பார்த்தோம்.

1971-இல் ராமநாதபுரத்துக்கு
மாற்றல் வந்தது.

செந்தில்: பிடித்துவிட்டேன். நாலு இலக்கம், ஒரு ஸ்பேஸ், ஆக ஐந்து. விம் 1964-ஐ வரிசை எண் என்று நினைக்கிறது. பட்டியலில் அடுத்த வரியை எண்ணுக்கு அடியில் விடாமல், எழுத்துக்கு நேராக நிறுத்துமே, அதைத்தான் செய்கிறது. எண்ணுக்குப் பின் புள்ளிகூட வேண்டாம், ஸ்பேஸ் இருந்தாலே போதும். 1971-க்குப் பின் சிறுகோடு இருப்பதால் அது தப்பித்தது.

பெரியப்பா: 1964-ஆவது ஐட்டம் தனுஷ்கோடியா! 😂

கவிதா: காலேஜ் லேபில் இப்படி ஆகவில்லையே?

செந்தில்: பத்தியை எப்படி மடிப்பது என்று சொல்லும் ஃபார்மட்ஆப்ஷன்ஸ் (சுருக்கமாக எஃப்ஓ) அமைப்பில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால்தான் ஆகும். விம்மின் இயல்பு அமைப்பில் அது இல்லை. ‘வெர்போஸ் செட் எஃப்ஓ’ அடித்துக் கடைசியில் கேள்விக்குறி போடு. எங்கே இருந்து வந்தது என்று காட்டும்.

கவிதா: ஆமாம், ‘என்’ இருக்கிறது. சீனியர் அக்கா கொடுத்த விம்ஆர்சி அமைப்புக் கோப்பு, 12-ஆவது வரி.

செந்தில்: அந்த எழுத்தை மட்டும் எடு. உனக்குப் பட்டியலும் வேண்டுமென்றால், அதை எடுக்காமல், எது வரிசை எண் என்று சொல்லும் ஃபார்மட்லிஸ்ட்பேட்டில் புள்ளி கட்டாயம் என்று மாற்றலாம். நான் என்றால் அப்படித்தான் வைப்பேன். அப்புறம் விம்மை மூடித் திற, கோணிய பத்திகளில் மறுபடி ஜிக்யூ கொடு. பழைய ஸ்பேஸ் தானாகப் போய்விடும், கையால் அழிக்காதே.

கவிதா: நேராகிவிட்டது 🙏

சுமதி அத்தை: அது சரி, நோட்டில் நான் வருகிறேனா?

கவிதா: “1966 ஆவணியில் சுமதி பிறந்தாள்.” அதுவும் உள்ளே தள்ளித்தான் இருந்தது அத்தை.

சுமதி அத்தை: அடிப்பாவி, வயசைக் குழுவில் போடாதே!