மாடுலர் கிச்சனை நாங்களே பொருத்துகிறோம்: மேல்பெட்டிகள் குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சமையலறையில், ஆள் வைக்காமல் நானும் தம்பியுமே மாடுலர் கிச்சன் பொருத்திக்கொண்டிருக்கிறோம். ஐ.எஸ். 710 தரமுள்ள (ஈரத்தைத் தாங்கும் மரைன் வகை) 18 மி.மீ. பிளைவுட்டில் செய்த பெட்டிகள் வந்துவிட்டன. கால்களைத் திருகி ஏற்றி இறக்கி, டியூப் லெவல் வைத்துக் கீழ்ப்பெட்டிகளை மட்டப்படுத்திவிட்டோம்.

கவலையெல்லாம் மேல்பெட்டிகளைப் பற்றியதுதான். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டப்பட்டது என்பதால், துளையிட்டதும் காரை பொடியாக உதிர்ந்து, பிளாஸ்டிக் பிளக் பிடிமானமின்றிச் சுழல்கிறது. விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட் பழைய செங்கல்லைப் பிளந்துவிடக்கூடும் என்பதால் அதில் எனக்கு விருப்பமில்லை. துளையில் சல்லடைக் குழாயைச் செருகி, பசையை நிரப்பி, அதில் போல்ட்டை இறுகவைக்கும் கெமிக்கல் ஆங்கர் இடுவது நல்லதா, அல்லது நீளமான இரும்புப் பட்டையைச் சுவரில் பல இடங்களில் முடுக்கி, எடையைப் பரப்பி, அதில் பெட்டிகளைத் தொங்கவிடுவது நல்லதா? அம்மா நாளெல்லாம் அந்த மேடையருகில்தான் நிற்பார். அவர் தலைக்கு மேல் எவர்சில்வர் பாத்திரங்களின் முழு எடையும் இருக்கும் என்பதால் அரைகுறையாகச் செய்ய மனம் ஒப்பவில்லை.

இத்தகைய சுவரில் வேலை செய்தவர்கள், துளையின் ஆழத்தையும் போல்ட்டின் பருமனையும் தெரிவித்து உதவுங்கள். கெமிக்கல் ஆங்கர் வேலூரிலோ காட்பாடியிலோ சில்லறையாக எங்கே கிடைக்கும் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.