வளவைத் திருத்தும்போது எதிர்ப்பட்டவை: வன்னியில் காணி வைத்திருப்போர் அனுபவங்கள்

வட்டக்கச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

போர் முடிந்து, 2010 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவில் எஞ்சி நின்றவை கிணற்றுக்கட்டும், தலையில்லாத இரண்டு தென்னைகளும், அப்பா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரமும் மட்டுமே. மாட்டுக்கொட்டில், விறகுக்கொட்டில், அடுக்களை ஆகிய மூன்றும் நின்ற இடம் தெரியாதபடி நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும் மூடியிருந்தன. பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்து, அதனோடு மனைவியின் நகையும் சேர்ந்து, வீடு எழும்பியது. ஆனால் கமம் செய்பவனுக்கு வீடு என்பது வளவின் ஒரு பகுதிதான். மாடு எங்கே நிற்பது, விறகு எங்கே காய்வது, நெல்மூட்டை எங்கே கிடப்பது என்ற கேள்விகளுக்கு அந்தக் காசில் விடையில்லை. ஆகவே வளவையும் கொட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தியெடுக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அந்தக் காலத்தில் நான் விட்ட பிழைகளையும் எனக்கு எதிர்ப்பட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்களுடையதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதற்பிழை மாட்டுக்கொட்டில். வீட்டின் தென்மேற்கே பற்றையில்லாமல் மட்டமாக ஒரு துண்டு நிலம் கிடந்ததால், அதிகம் யோசிக்காமல் அங்கேயே நான்கு கப்பு நட்டுத் தறப்பாளைக் கட்டினேன். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதும் சாணி நாற்றமும் இலையானும் புழுதியும் நேரே விறாந்தைக்குள் வந்துவிட்டன. ஆவணி முடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டே சாப்பிட்டோம். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார்.

அடுத்த ஆண்டு பற்றை வெட்டியபோது வடமேற்கு மூலையில் ஒரு விடயத்தைக் கவனித்தேன். வளவின் ஏனைய இடங்களில் முழங்கால் உயரம்கூட வளராத குப்பைக்கீரை, அந்த மூலையில் மட்டும், ஏறக்குறைய 20 அடிக்கு 12 அடி அளவான ஒரு நீள்சதுரத்தில், ஆளுயரம் நின்றது. மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தேன். சுற்றிலும் செம்மண்ணாக இருக்க, அங்கே ஒரு சாண் ஆழத்துக்கு மண் கறுப்பாக, பொலுபொலுவென்று உதிர்ந்தது. அது அப்பாவின் பழைய மாட்டுக்கொட்டில் நின்ற இடம். முப்பது ஆண்டுச் சாணமும் சலமும் ஊறிய மண். சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன. வடமேற்கு மூலையில் நிற்கும் கொட்டிலின் நாற்றத்தை இரண்டு காற்றில் எதுவும் வீட்டுக்குள் கொண்டுவராது. இதை அப்பா எனக்கு ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. கொட்டிலைக் கழற்றி அங்கேயே கொண்டுபோய் நட்டேன். நீள்பக்கம் கிழக்கு மேற்காக இருப்பதால் வெயில் பக்கவாட்டில் உள்ளே ஏறுவதும் குறைந்தது.

இரண்டாவது, பங்கர் என்ற பதுங்குகுழி. மாமரத்துக்குத் தெற்கே, போரின் கடைசி மாதங்களில் நாங்களே வெட்டிய குழி அப்படியே கிடந்தது. காணியைக் கண்ணிவெடி அகற்றுவோர் ஏற்கனவே துப்புரவு செய்து கையளித்திருந்தார்கள். இருந்தாலும் குழிக்குள் விழுந்திருந்த மண்ணை அள்ளும்போது துருவேறிய இரும்புப் பொருள் ஒன்றின் முனை தெரிந்தது. அலவாங்கை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பி, சுற்றிவரக் கயிறு கட்டி, கிராம அலுவலர் ஊடாகப் பொலிசுக்கு அறிவித்தேன். இரண்டு நாள் கழித்து வந்து எடுத்துச் சென்றார்கள். துப்புரவு செய்த காணி என்றாலும் புதிதாக ஆழமாக வெட்டும் இடத்தில் அவசரப்படாதீர்கள். இரும்பு தட்டுப்பட்டால் தொடவும் வேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

குழியை மூடிவிடத்தான் நினைத்தேன். கூரையாகப் போட்டிருந்த பனங்குற்றிகளை வெளியே எடுத்தபோது உட்சோற்றிப் பக்கம் முழுவதும் உக்கிப் போயிருந்தாலும், புறவைரம் கத்திக்கு ஏறாமல் கல்லாக இருந்தது. கறையான் புற்று ஏறிய தடம் இருந்தும் வைரத்தை அது தொடவில்லை. அந்த வைரத்தைச் சீவியெடுத்த சலாகைகள்தாம் இப்போது மாட்டுக்கொட்டிலின் கூரையைத் தாங்குகின்றன. குழியின் அடியில் பொச்சுமட்டையும், அதன்மேல் இலைகுழையும் மாட்டெருவும் நிரப்பி, விளிம்பைச் சுற்றி ஆறு வாழைக்குட்டிகளை வைத்தேன். கொட்டில் கூரையிலிருந்து ஒரு பீலி அந்தக் குழிக்கு வருகிறது. 240 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 22 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்குச் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்று பார்த்தால், 50 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நாளில் 1,100 லீற்றர் தண்ணீர் விழுகிறது. தெறித்துப் போவதைக் கழித்தாலும் 900 லீற்றருக்குக் குறையாது. முன்பு அவ்வளவும் முற்றத்து மண்ணை அரித்துக்கொண்டு ஒழுங்கைக்குத்தான் ஓடியது.

முள்ளியவளையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணர் காற்றைப் பற்றி எழுதியதைப் படித்ததும் 2020 மார்கழி 2 ஆம் திகதி இரவுதான் நினைவுக்கு வந்தது. புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைத் தொட்ட அந்த இரவில் எங்கள் கோழிக்கூட்டின் தகரம் நான்கும் எழும்பிப் போய், ஒன்று அயல்வளவுப் பலாமரத்தில் செருகி நின்றது. வீட்டின் ஓட்டுக்கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளியது: கூட்டைக் கட்டியவர் தகரத்தை வெறும் ஆணியால் அடித்திருந்தார், மரம் காய்ந்து சுருங்க, ஆணி இளகிவிட்டது. இப்போது வளைகளையும் கப்புகளையும் கம்பியால் வரிந்து கட்டி, தகரத்தை வளையத்தோடு கூடிய திருகாணியால் இறுக்கியிருக்கிறோம். தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்ததில் பங்குனிச் சூட்டுக்குக் கோழிகள் வாய் பிளந்து நிற்பதும் நின்றது. கிடுகை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்பது உண்மை. அந்தச் செலவை நான் கோழிகளின் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

பாம்பைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் பழைய விறகுக்கொட்டில் கோழிக்கூட்டோடு ஒட்டியிருந்தது. பொச்சுமட்டையும் பன்னாடையும் நிலத்திலேயே குவிந்திருக்கும். ஒருநாள் மாலை அடுப்பு மூட்டப் பன்னாடை எடுக்கக் கையை நீட்டினேன். குவியலுக்குள்ளிருந்து, சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகின்றதுபோல நீளமாக ஒரு சீறல் கேட்டது. கையை இழுத்த பின்னர்தான் கண்ணுக்குத் தெரிந்தது: காய்ந்த மட்டையின் நிறத்திலேயே, சங்கிலிபோலக் கோத்த வட்டப் புள்ளிகளோடு, சுருண்டு கிடந்த புடையன். அந்தச் சீறல் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. வீட்டுக்காரர் அதை அடிக்கப் போனார், நான் விடவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றோம், அது தானாகவே வேலிப்பக்கம் போனது.

அடுத்த நாள் ஆறுதலாக இருந்து யோசித்தபோது காரணம் பிடிபட்டது. கோழிக்குப் போடும் குறுநெல் சிந்துகிறது. அதற்கு எலி வருகிறது. எலிக்குப் புடையன் வருகிறது. ஒளிக்க இடம் கொடுத்தவர்கள் நாங்கள். விறகுக்கொட்டிலைக் கூட்டிலிருந்து 40 அடி தள்ளிக் கட்டினோம். விறகு இப்போது நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரப் பட்டடையில் அடுக்கப்படுகிறது; அடியில் விளக்குமாறு புகுந்து வரும். கோழிக்கூட்டையும் மூன்றடிக் காலில் நிறுத்தி, தீனியை மாலையில் உள்ளே எடுத்துவிடுகிறோம். யாரையாவது கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் நேரே பாம்புக்கடி மருந்துள்ள ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

விறகுக்கொட்டில் எதற்கு, காஸ் இருக்கிறதே என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தான். 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிறகு அவன் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான்.

நெடுங்கேணியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்களுக்கு எதிர்ப்பட்டது யானை. பெரும்போக அறுவடை முடிந்து நெல்லைக் காயவைத்து, விலை ஏறும் என்று எண்ணி 30 மூட்டையை வீட்டின் பின்னறையில் அடுக்கியிருந்தோம். அடுத்த அறையில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். இரவு இரண்டு மணியளவில் சுவர் உறுமியதுபோல இருந்தது. சத்தம் காதுக்கு வருமுன் கட்டிலே அதிர்ந்தது. பின்பக்கம் போகாமல் பிள்ளைகளை முன்பக்கமாக இறக்கி அயல்வீட்டுக்கு ஓடினோம். காலையில் பார்த்தால் பின்சுவரில் ஒரு கதவளவு துவாரம். அது சுவரை உடைத்து, தும்பிக்கையை நீட்டி, மூன்று மூட்டையை மட்டும் இழுத்து, முற்றத்தில் வைத்துச் சாவகாசமாகத் தின்றிருக்கிறது. நெல்லுக்குப் பக்கத்தில் இருந்த உப்புச் சாக்கையும் விட்டுவைக்கவில்லை.

பழைய ஆட்கள் நெல்லைக் கொம்பறையில், வீட்டை விட்டுத் தள்ளி வைத்ததன் அருமை அன்றுதான் விளங்கியது. தடியால் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி, நிலத்தில் படாமல் உயர்த்தி வைத்த அந்தக் கொம்பறையை யானை தள்ளினால் நெல்தான் போகும். பக்கத்தில் ஆள் படுத்திருப்பதில்லை. கொம்பறை பின்னத் தெரிந்த ஒருவரும் எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டிலிருந்து 60 அடி தள்ளி, சீமெந்துக் கல்லில் ஒரு சிறிய நெல்லறையைக் கட்டினோம். அது யானையைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. தடுப்பதற்காகக் கட்டவும் இல்லை. அது உடைந்தால் உடையட்டும், படுக்கையறைச் சுவர் உடையக்கூடாது என்பதே கணக்கு. கட்டிய பிறகும் விதைநெல்லைத் தவிர அதிகம் வைப்பதில்லை.

வளவின் வாழையைக் காட்டுப்பக்க வேலியிலிருந்து எடுத்து உட்பக்கமாக மாற்றியதும், அந்த இடத்தில் தேசியும் தோடையும் வைத்ததும் அதன் பிறகுதான். யானை தோடையினத்தை விரும்பித் தின்பதில்லை என்பதால் வஸ்கமுவத் தேசிய பூங்காவின் பக்கத்துக் கிராமங்களில் வீட்டைச் சுற்றித் தோடை நடுகிறார்கள். எங்கள் கன்றுகள் இன்னும் இடுப்பளவுதான் நிற்கின்றன, அவற்றால் எதுவும் தடைபடும் நிலை வரவில்லை. தேசிக்காய் மட்டும் விற்கிறோம்.

மாங்குளத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

வேலியைப் பற்றி ஒருவரும் எழுதாததால் இரண்டு வரி. கொங்கிறீற்றுத் தூணும் முள்ளுக்கம்பியும் போட்டு முடித்த பிறகும் ஆடு வந்தது. ஆகவே வேர்விட்டு உயிர்வேலியாக வளரும் கதியால்களாக, கிளுவையையும் சீமைக்கிளுவையையும் ஒன்றுவிட்டு ஒன்று ஐப்பசியில், முதல் மழைக்கு மண் இளகியதும் நட்டேன், தைக்குள் துளிர்த்துவிட்டன. சீமைக்கிளுவையின் குழையை வெட்டித் தென்னையடியில் தாழ்ப்பது நல்ல பசளை. 2021 இல் இரசாயன உரம் நின்றபோது என் தென்னைகள் அதில்தான் நின்றன. சித்திரையில் நட்ட முதல் நூறு கதியாலும் பட்டுப்போனதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்னொன்று: மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, நிலம் சரியும் பக்கத்தில் வெட்டுங்கள். நான் மேட்டுப்பக்கத்தில் வெட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன பிறகு மூடி, மறுபடி வெட்டினேன்.

வட்டக்கச்சி உறுப்பினரின் பதில்:

நெடுங்கேணி அண்ணையின் வாழைக் கதையை வாசித்துவிட்டு என் வாழைக்குட்டிகளை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்துக்கு யானை வருவதில்லை. குரங்குதான் வருகிறது, அதற்கு நாய் காணும்.

குழியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகாதா என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். செம்மண் நிலமென்பதால் எங்களுக்கு ஓரிரு நாளில் தண்ணீர் வற்றிவிடுகிறது. மட்டையும் குழையும் விளிம்புவரை நிரம்பியிருப்பதால் மேலே திறந்த தண்ணீர் தெரிவதும் இல்லை. களிமண் காணியில் இதைச் செய்யாதீர்கள். ஒரு குடம் தண்ணீரை ஒரு சிறு கிடங்கில் ஊற்றி, அடுத்த நாள் காலையில் போய்ப் பாருங்கள். அப்படியே நின்றால் அந்த இடம் சரிவராது. 2018 மார்கழி வெள்ளத்தில், இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்திருந்த நாட்களில், என் குழியும் நான்கு நாள் நிரம்பி நின்றது. வாழை இரண்டு அழுகியது. அதன் பிறகு மேல்விளிம்பில் ஒரு வெளிவாய்க்கால் வெட்டி, மிச்சத் தண்ணீரை மாமரத்தைத் தாண்டி விட்டிருக்கிறேன்.

கொட்டிலைப் பெயர்த்த தென்மேற்கு நிலம் இப்போது காய்கறிப் பாத்தி. அங்கே மாடு நின்றதில் அந்த மண்ணும் கறுத்துவிட்டது. கத்தரி நன்றாகக் காய்க்கிறது. ஆகவே என் பிழையிலும் அரைவாசி வீண்போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். வெண்டிக்கும் அந்தப் பக்கத்தில் இரண்டு வரிசை விடும்படி சொல்லிவிட்டு, வழக்கம்போல மாமரத்தடிக்குப் போய்விட்டார்.